எரிபொருள் கையிருப்பு: "போதுமானது" என்றால் எத்தனை நாளுக்கு?

வளைகுடாவில் பதற்றம் என்று காலையில் ஒரு செய்தி வந்தால், மாலையில் நமது ஊர் எரிபொருள் நிரப்பு நிலையத்தில் வரிசை நீண்டுவிடுகிறது. அன்றிரவே பொறுப்பிலுள்ளவர்கள் தொலைக்காட்சியில் தோன்றி, நாட்டில் போதுமான கையிருப்பு உள்ளது, மக்கள் பதற்றமடையத் தேவையில்லை என்கிறார்கள். மறுநாள் வரிசை இன்னும் நீள்கிறது.

சொன்னவர் பொய் சொல்கிறார் என்றோ, வரிசையில் நிற்பவர் விபரம் தெரியாதவர் என்றோ முடிவு கட்டுவது சுலபம். பெரும்பாலான வேளைகளில் இரண்டுமே சரியல்ல. "போதுமான" என்ற சொல்லில் அளவு எதுவும் இல்லை. அதனால் அந்தச் சொல் யாரையும் ஆறுதல்படுத்துவதில்லை.

நான் திருகோணமலை மாவட்டத்தில் கணிதம் கற்பிக்கும் ஓர் ஆசிரியன். அலகு எழுதாத விடைக்கு முழுப்புள்ளி கிடையாது என்பது ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பழக்கப்பட்ட விதி. இன்றும் என் மாணவர்களின் கொப்பிகளில் அதைத்தான் சிவப்பு மையால் எழுதிக் கொடுக்கிறேன். நாட்டின் எரிபொருள் நிலைமை பற்றிய அறிவிப்புகளுக்கும் அந்த விதியைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். கையிருப்பை அளக்க வேண்டிய அலகு தொன்னும் அல்ல, லீற்றரும் அல்ல. நாட்கள்.

கணக்கு இதுதான்

தாங்கிகளில் உள்ள எரிபொருளை, நாடு ஒரு நாளைக்குப் பாவிக்கும் அளவால் வகுத்தால் வருவது எத்தனை நாளுக்குத் தாங்கும் என்ற எண். ஐந்தாம் தரத்துப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு. ஆனால் இந்த ஒரு எண் தெரியாமல் மற்ற எந்த எண்ணைக் கேட்டும் பயனில்லை.

2022 ஜூலை மாதத் தொடக்கத்தில் நாட்டில் சுமார் 4,000 மெற்றிக் தொன் பெற்றோல் இருப்பதாக அன்றைய எரிசக்தி அமைச்சர் கூறினார். கேட்பதற்குப் பெரிய தொகை போலத் தெரியும். ஒரு தொன் பெற்றோல் ஏறத்தாழ 1,350 லீற்றர். எனவே 4,000 தொன் என்பது ஏறக்குறைய 54 இலட்சம் லீற்றர். நாட்டின் ஒரு நாள் தேவைக்கும் அது சற்றுக் குறைவு. அடுத்த பெற்றோல் கப்பல் அம்மாதம் 22 ஆம் திகதியளவில்தான் எதிர்பார்க்கப்பட்டது. தொன்னில் சொன்னபோது மலைபோல இருந்தது, நாளில் சொன்னபோது ஒரு நாளுக்கும் போதாமல் போனது.

அதற்கு முன்னர், மே 16 ஆம் திகதி, அப்போது பிரதமராகப் பதவியேற்றிருந்த ரணில் விக்கிரமசிங்க நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையிலும் இதே அலகில்தான் பேசினார். பெற்றோல் ஒரு நாளுக்கே இருக்கிறது என்றார். அந்த உரையை நாடே நினைவில் வைத்திருக்கிறது. காரணம், அதில் ஓர் எண் இருந்தது. கசப்பான எண்ணாக இருந்தாலும், என்ன செய்யலாம் என்று குடும்பங்கள் தீர்மானிக்க அது உதவியது.

எண்ணெய் எங்கே இருக்கிறது?

கையிருப்பு என்று ஒரே சொல்லால் சொன்னாலும், எண்ணெய் நான்கு வேறுபட்ட இடங்களில் இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எந்த அறிவிப்பும் நம்மைக் குழப்பிவிடும்.

முதலாவது, மசகு எண்ணெய். கடலில் மிதவையோடு கட்டப்படும் கப்பலிலிருந்து குழாய் வழியாக ஒருகொடவத்தையிலுள்ள தாங்கிகளுக்கு வந்து, அங்கிருந்து சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. 1969 இல் இயங்கத் தொடங்கிய இந்நிலையம் இப்போது ஒரு நாளைக்கு 50,000 பீப்பாய் வரை சுத்திகரிக்கக்கூடியது. ஒரு பீப்பாய் என்பது 159 லீற்றர். மசகு எண்ணெயை அப்படியே மோட்டார் சைக்கிளுக்கு ஊற்ற முடியாது. அதைக் காய்ச்சிப் பிரிக்கும்போது எரிவாயு, நெப்தா, பெற்றோல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், டீசல், உலை எண்ணெய் என எல்லாம் வரும். பழைய நிலையம் என்பதால் விலை குறைந்த உலை எண்ணெய் கணிசமாக மிஞ்சும். பெற்றோல் குறைவாகவே கிடைக்கும். நாட்டின் தேவையில் ஒரு பகுதியை மட்டுமே இது நிறைவேற்றுகிறது. மிகுதியைச் சுத்திகரித்த எரிபொருளாகவே இறக்குமதி செய்கிறோம்.

இரண்டாவது, கொலன்னாவையிலும் முத்துராஜவெலயிலும் உள்ள பெரிய களஞ்சியங்கள். பாவிக்கத் தயாரான டீசலும் பெற்றோலும் இங்கேதான் இருக்கின்றன. அமைச்சர்கள் கையிருப்பு என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான்.

மூன்றாவது, வழியில் இருப்பது. ரயில் தாங்கிகளிலும் பௌசர்களிலும் மட்டக்களப்பு, அனுராதபுரம் போன்ற பிராந்தியக் களஞ்சியங்களுக்கும், அங்கிருந்து நமது ஊர் நிலையத்தின் நிலத்தடித் தாங்கிகளுக்கும் போவது. கொலன்னாவையில் பத்து நாளுக்கு டீசல் இருந்தாலும், அக்கரைப்பற்றுக்கு வரவேண்டிய பௌசர் வராவிட்டால் அக்கரைப்பற்று விவசாயிக்கு அது பூச்சியம்தான்.

நான்காவது இடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது நம்முடைய வாகனத் தாங்கிகளும், வீட்டு மூலையில் இருக்கும் கான்களும்.

பதற்ற நாட்களில் நடப்பது என்னவென்றால், மூன்றாவது இடத்திலுள்ள எண்ணெய் நான்காவது இடத்துக்கு ஓடிவிடுகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமாகப் பாதித் தாங்கியோடு ஓடும் 10 இலட்சம் மோட்டார் சைக்கிள்காரர்கள், இன்றைக்கே நிரப்பி வைப்போம் என்று ஆளுக்கு 3 லீற்றர் மேலதிகமாக அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 30 இலட்சம் லீற்றர். 5 இலட்சம் முச்சக்கர வண்டிகள் 4 லீற்றர் வீதம் மேலதிகமாக அடித்தால் 20 இலட்சம் லீற்றர். மொத்தம் 50 இலட்சம். மேலே பார்த்தபடி இது நாட்டின் ஏறக்குறைய ஒரு நாள் பெற்றோல். ஒரு கிலோமீற்றர் கூட மேலதிகமாக ஓடாமலேயே ஒரு நாள் கையிருப்பு நிலையங்களிலிருந்து மறைந்துவிடுகிறது. எண்ணெய் நாட்டை விட்டுப் போகவில்லை. இடம் மாறியிருக்கிறது. ஆனால் கடைசியில் வந்தவருக்கு "பெற்றோல் இல்லை" என்ற பலகைதான் மிச்சம்.

2025 பெப்ரவரி இறுதியில் நடந்தது இதுதான். விநியோகஸ்தர்களுக்கான 3 சதவீதக் கழிவு தொடர்பாகப் பிணக்கு ஏற்பட்டு, அவர்கள் புதிதாகக் கட்டளை கொடுப்பதில்லை என்று அறிவித்தார்கள். களஞ்சியங்களில் எரிபொருள் இருந்தது. ஆனாலும் நாடெங்கும் வரிசை வந்தது. மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 2022 இல் வரிசையிலேயே இரவைக் கழித்தவர்கள், வரிசையிலேயே உயிர் பிரிந்தவர்களைக் கண்டவர்கள், ஒரு சொல்லை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

2022 இல் வற்றியது எது?

அந்த வருடத்தைப் பற்றிப் பேசும்போது "எண்ணெய் தீர்ந்துவிட்டது" என்றே பலரும் சொல்கிறோம். உண்மையில் முதலில் தீர்ந்தது டொலர். உலகில் எண்ணெய் இருந்தது. சில வேளைகளில் அது நமது கடலிலேயே நின்றது.

2019 இறுதியில் நாட்டின் அந்நிய ஒதுக்கு சுமார் 760 கோடி டொலர். 2021 இறுதியில் சுமார் 310 கோடி. அதிலும் கையில் எடுத்துச் செலவழிக்கக்கூடியது மிகவும் குறைவு. 2022 மே மாதத் தொடக்கத்தில், பயன்படுத்தக்கூடிய ஒதுக்கு 5 கோடி டொலருக்கும் குறைவு என்று அன்றைய நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் வெளிப்படையாகக் கூறினார்.

அதற்கு முன்பே மணி அடித்துவிட்டது. 2021 நவம்பர் 15 ஆம் திகதி, மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் சபுகஸ்கந்த நிலையம் மூடப்பட்டது. பின்னர் திறந்து, மீண்டும் மூடி, 2022 மார்ச்சில் மறுபடியும் மூடியது. அது மூடப்பட்டபோது மண்ணெண்ணெய், விமான எரிபொருள், மின் நிலையங்களுக்கான உலை எண்ணெய், நெப்தா எல்லாம் ஒருசேரக் குறைந்தன. மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டு வரை போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரஷ்ய மசகு எண்ணெய் சுமார் 90,000 தொன் ஏற்றிய கப்பல் ஒன்று, பணம் கட்ட முடியாததால் கொழும்புக்கு வெளியே ஒரு மாதத்துக்கும் மேலாக நங்கூரமிட்டு நின்றது. அதன் பெறுமதி சுமார் 7 கோடி 26 இலட்சம் டொலர். 90,000 தொன் என்பது ஏறத்தாழ ஆறரை இலட்சம் பீப்பாய். சுத்திகரிப்பு நிலையம் முழு அளவில் ஓடினால் சுமார் 13 நாள் வேலை. மே இறுதியில் பணம் கட்டிய பிறகே அந்த எண்ணெய் கரைக்கு வந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் நிற்கும் கப்பல், பணம் கட்டும் வரை கையிருப்பு ஆகாது. இதை ஒவ்வொரு அறிவிப்பிலும் பார்க்க வேண்டும். "கப்பல் வந்துவிட்டது" என்பது ஒரு செய்தி. "இறக்கத் தொடங்கிவிட்டோம்" என்பது வேறு செய்தி.

அந்த மாதங்களில் நாட்டை ஓரளவு ஓட வைத்தது இந்தியா கொடுத்த எரிபொருள் கடன் வசதி. முதலில் 50 கோடி டொலர், பின்னர் மேலும் 20 கோடி. அதுவும் தீர்ந்த பின்னர், ஜூன் 27 ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகள் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பனை ஜூலை 10 வரை நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாயானது. நகர்ப்புறப் பாடசாலைகள் மூடப்பட்டன. கிராமப்புறங்களில் திறந்திருந்த நாட்களிலும் ஆசிரியர்கள் பலர் வந்து சேர முடியவில்லை. எங்கள் பாடசாலையில் நானும் சிலரும் சைக்கிளில் வந்தோம். மூன்று வகுப்புகளை ஒரே மண்டபத்தில் வைத்துப் படிப்பித்த நாட்கள் உண்டு. அந்த வருடம் பின்தங்கிய பிள்ளைகள் சிலர் பின்னர் எழுந்து நிற்கவே இல்லை. எரிபொருள் கையிருப்பு என்பது பொருளியல் நிபுணர்களின் விடயம் மட்டுமல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

பாவனையையும் பார்க்க வேண்டும்

நாட்களைக் கணக்கிடும்போது மேலே இருப்பது கையிருப்பு, கீழே இருப்பது அன்றாடப் பாவனை. கீழே உள்ள எண் கூடினாலும் விடை குறையும். இந்தப் பக்கத்தை நாம் அதிகம் பார்ப்பதில்லை.

நமது பாவனை வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் இறங்கினால், மின்சாரத்துக்காக டீசலும் உலை எண்ணெயும் கூடுதலாக எரியும். கிழக்கில் பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடை இயந்திரங்களும் உழவு இயந்திரங்களும் டீசலை இழுக்கும். சிறுபோக அறுவடையிலும் அப்படியே. ஆக, ஜனவரியில் பதினைந்து நாளுக்குத் தாங்கும் அதே டீசல், அறுவடையும் வரட்சியும் ஒன்றாக வரும் மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கே தாங்கலாம்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. வாகனம் ஒரு முறைதான் வரும், ஆனால் அது வருடக்கணக்கில் எரிபொருள் கேட்கும். பாவனை கூடிக்கொண்டு போகும்போது, கையிருப்பு அப்படியே இருந்தால் கூட, நாட்கள் குறைந்துகொண்டே போகும். ஒரு லீற்றரும் குறையாமலேயே நாம் ஆபத்துக்கு அருகில் போய்க்கொண்டிருப்போம்.

2022 ஜூலையில் வந்த தேசிய எரிபொருள் அட்டை இந்தக் கீழ்ப் பக்கத்தைக் கட்டுப்படுத்திய முயற்சி. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. போதாதுதான். ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு 5 லீற்றர் என்பது ஒரு நாள் உழைப்பு. ஆனாலும் வரிசை குறைந்தது. காரணம், அடுத்த வாரமும் தன் பங்கு கிடைக்கும் என்று மக்களுக்கு உறுதியாகத் தெரிந்தது. அளவு தெரிந்தால் பதற்றம் குறையும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 2023 செப்டெம்பர் முதலாம் திகதியோடு அந்தப் பங்கீடு நிறுத்தப்பட்டது.

கடலுக்கு அப்பால் நடப்பது

நாம் முழுவதும் இறக்குமதியில் வாழும் நாடு. உலகில் பாவிக்கப்படும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போகிறது. சபுகஸ்கந்த நிலையம் முதலில் ஈரானின் இலகு மசகு எண்ணெய்க்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டது. 2012 இல் ஈரான் மீதான தடைகள் இறுகியபோது அந்த வழி அடைபட்டது. அப்போது வாங்கிய எண்ணெய்க்கான சுமார் 25 கோடி டொலர் கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்க்க 2021 டிசம்பரில் உடன்படிக்கை செய்தோம்.

ஈரான் எண்ணெய்க்குப் பதிலாக அபூதாபியின் முர்பான் எண்ணெயை அதிகம் வாங்கினோம். அதைக் குழாய் வழியாக ஹோர்முஸுக்கு வெளியே உள்ள புஜைரா துறைமுகத்துக்குக் கொண்டுவர முடியும். எனவே நீரிணையில் சிக்கல் வந்தால் அந்த எண்ணெய் உடனே நின்றுவிடும் என்றில்லை. ஆனால் விலை உலகம் முழுவதும் ஒன்றாகத்தான் ஏறும். கப்பல் வாடகையும் காப்புறுதியும் ஏறும். வளைகுடாவில் உழைக்கும் நமது பிள்ளைகள் அனுப்பும் பணமும் அதே வேளையில் தடைப்படலாம். எண்ணெயின் விலை கூடும் நேரத்தில் டொலர் வரும் வாசலும் ஒடுங்கினால் இரண்டு பக்கமும் அடி. இந்த அடியைத் தாங்கிக்கொள்ள அவகாசம் தருவதுதான் கையிருப்பு. முப்பது நாள் கையிருப்பு உள்ள நாடு, விலை கூடிய முதல் வாரத்தில் கிடைத்த விலைக்கு வாங்க ஓடத் தேவையில்லை. மூன்று நாள் கையிருப்பு உள்ள நாடு கேட்ட விலையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இதனால்தான் 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், 1974 இல் உருவான சர்வதேச எரிசக்தி முகவரகம் தனது உறுப்பு நாடுகள் 90 நாள் நிகர இறக்குமதிக்குச் சமமான எண்ணெயை வைத்திருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அயலிலுள்ள இந்தியா விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் நிலத்தடிப் பாறைக் குகைகளில் 53 இலட்சம் தொன்னுக்கு மேல் சேமிக்க இடம் வைத்திருக்கிறது.

தாங்கிகள் இருந்தால் போதுமா?

இந்த இடத்தில் நமது மாவட்டத்தவர் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். சீனக்குடாவில் 99 தாங்கிகள் இருக்கின்றனவே?

உண்மைதான். பிரித்தானியர் கடற்படைக்காகக் கட்டியவை அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளும். மொத்தம் பத்து இலட்சம் தொன்னுக்கு அருகில். கிண்ணியாவிலிருந்து நகருக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பகுதி நன்கு தெரியும். பெரும்பாலான தாங்கிகள் பல பத்தாண்டுகளாகக் காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடந்தன. 2003 முதல் லங்கா ஐஓசி நிறுவனம் கீழ்த் தொகுதியைப் பயன்படுத்தி வருகிறது. 2022 ஜனவரியில் செய்த உடன்படிக்கைப்படி 24 தாங்கிகள் இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு, மிகுதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 சதவீதம்.

தாங்கிகளைத் திருத்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தாங்கி வேறு, எண்ணெய் வேறு. 2022 இல் தாங்கிகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. அவற்றை நிரப்பும் டொலருக்குத்தான் பஞ்சம். வெறும் நெற்களஞ்சியம் பசி தீர்க்காது. எனவே தாங்கியைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவரிடமும் இரண்டாவது கேள்வியையும் கேட்க வேண்டும்: அதை எந்தக் காசில் நிரப்புவீர்கள்?

காசு எவ்வளவு?

2022 இல் எரிபொருள் இறக்குமதிக்கு, நிலக்கரியும் சேர்த்து, சுமார் 490 கோடி டொலர் செலவானது. 2024 இல் சுமார் 430 கோடி. பின்னைய எண்ணை எடுத்தால் மாதம் 36 கோடி டொலர். ஆக, இப்போது வைத்திருப்பதற்கு மேலதிகமாக இன்னும் 30 நாள் எரிபொருள் வைக்க வேண்டுமானால், ஒரே முறை 36 கோடி டொலரை முடக்க வேண்டும். அந்தப் பணம் அழிந்துவிடாது, எண்ணெயாகத் தாங்கியில் இருக்கும். ஆனால் அதற்கு வருடா வருடம் செலவு உண்டு. 6 சதவீதம் என்று வைத்தால் 2 கோடி 16 இலட்சம் டொலர். நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சம். தலைக்கு வருடம் ஒரு டொலர். நமது காசில் சுமார் 300 ரூபாய். தாங்கிகளைத் திருத்தும் செலவு இதற்கு வெளியே.

இதை மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 10 இலட்சம் பேர் வரிசையில் ஆளுக்கு 5 மணிநேரம் நின்றால் 50 இலட்சம் மணிநேரம். எட்டு மணிநேரக் கூலி 2,000 ரூபாய் என்றால் மணிக்கு 250 ரூபாய். மொத்தம் 125 கோடி ரூபாய். முப்பது நாள் மேலதிகக் கையிருப்பின் வருடச் செலவு சுமார் 650 கோடி ரூபாய். ஐந்து நாள் வரிசைக்குள் அந்தச் செலவு கிட்டத்தட்ட முழுவதும் போய்விடுகிறது. இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள், அரசாங்கக் கணக்கல்ல. வேண்டியவர்கள் தங்கள் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். விடை எந்தப் பக்கம் சாயும் என்பது பெரிதாக மாறாது.

அரசு கையிருப்பு வைக்காதபோது செலவு இல்லாமல் போவதில்லை. அது மீனவரின் தலையிலும், ஆட்டோ ஓட்டுநரின் தலையிலும், நாட்கூலிக்காரரின் தலையிலும் இறங்குகிறது. கிண்ணியா, மூதூர் கரைகளில் சிறிய இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானபோது, கடலுக்குப் போவதா கரையில் இருப்பதா என்று அவர்கள் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

இதற்கு எதிரான வாதமும் நியாயமானது. அதிக விலையில் வாங்கி வைத்து, பின்னர் விலை இறங்கினால் நட்டம். மருந்துக்கே டொலர் தேடும் காலத்தில் எண்ணெயில் டொலரை முடக்க முடியாது. இரண்டும் சரி. அதனால்தான் இதை நெருக்கடி வரும்போது செய்ய முடியாது என்கிறேன். விலை தணிந்து, ஒதுக்கு சற்று ஏறியிருக்கும் மாதங்களில், ஒவ்வொரு நாளாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். யூஸுப் (அலை) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். செழிப்பான ஏழு ஆண்டுகளில் சேமித்ததால்தான் பஞ்சமான ஏழு ஆண்டுகளைக் கடக்க முடிந்தது. மக்களுக்காக, எல்லோரும் அறியச் சேமிப்பது அது. விலையேற்றத்துக்காக மறைத்து வைக்கும் பதுக்கல் அதற்கு நேர் எதிர். மார்க்கம் தடுத்தது இரண்டாவதை.

என்ன கேட்க வேண்டும்?

அமெரிக்காவில் நாட்டின் மசகு எண்ணெய், பெற்றோல், டீசல் கையிருப்புகள் ஒவ்வொரு வாரமும் வெளியிடப்படுகின்றன. யாரும் பார்க்கலாம். நமக்கு அவ்வளவு பெரிய அறிக்கை தேவையில்லை. ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு வாரமும், ஒரே நாளில், ஒரே வடிவில், சிங்களத்தோடு தமிழிலும் வரட்டும். அதில் நான்கு விபரங்கள் இருக்கட்டும்: டீசல், பெற்றோல், மண்ணெண்ணெய் ஒவ்வொன்றும் எத்தனை நாளுக்கு இருக்கிறது, பணம் கட்டி முடிந்த அடுத்த கப்பல் எப்போது வரும், பிராந்தியக் களஞ்சியங்களில் எவ்வளவு இருக்கிறது, சென்ற வருடம் இதே வாரம் எத்தனை நாள் இருந்தது. கடைசி எண் இல்லாமல் நாம் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று தெரியாது.

எண்ணை வெளியிட்டால் மக்கள் பயந்து ஓடுவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். எண் இல்லாதபோதும் ஓடத்தானே செய்கிறார்கள்? எண் தெரிந்தால் ஓட வேண்டிய நாள் எது, வீட்டில் இருக்க வேண்டிய நாள் எது என்று பிரித்தறியவாவது முடியும்.

நம் பக்கத்திலும் செய்ய வேண்டியவை உண்டு. பெற்றோலைக் கானில் அடைத்து வீட்டில் வைப்பது பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் நெருப்பை வைப்பதற்குச் சமம். மீனவர் சங்கங்களும் விவசாய அமைப்புகளும் தங்கள் பருவத்துக்கு எவ்வளவு மண்ணெண்ணெய், டீசல் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிப் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கலாம். நோயாளர் வண்டிக்கும் ஜனாஸா வாகனத்துக்கும் எப்போதும் ஒரு தாங்கி எரிபொருள் இருப்பதை ஊர் நிறுவனங்கள் பொறுப்பெடுத்துக்கொள்ளலாம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர்கள் சீனக்குடாத் தாங்கிகளைப் பற்றி நிச்சயம் பேசுவார்கள். பேசட்டும். பேசி முடித்ததும் நமது கேள்வியைக் கேட்போம்: இன்று நாட்டில் டீசல் எத்தனை நாளுக்கு இருக்கிறது? நீங்கள் போகும்போது எத்தனை நாளுக்கு வைத்துவிட்டுப் போவீர்கள்? "போதுமான அளவு" என்று பதில் வந்தால், அலகு இல்லை, புள்ளியும் இல்லை என்று சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது.